விலாங்கு போகும் வழி

எங்கள் எந்திரம் இதுவரை ஒரு விலாங்கு மீனைக்கூடக் கொன்றதில்லை, ஐயா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போய்விட்டால் இது விட்டுப்போகும். ஊரில் இப்போது ஆளுக்கொன்று பேசுகிறார்கள். எந்திரத்தைப் பிடுங்கி ஆற்றில் போடவேண்டும் என்று குதிக்கிறவர்களில் பாதிப் பேர் அது கொடுத்த வெளிச்சத்தில்தான் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். இந்தக் காபித் தூள் அடியில் இறங்கட்டும், குடித்துக்கொண்டே பேசலாம்.

நெங்கா மெர்த்தா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். லைட்டுக்காரர் என்று கேட்டால் நடக்கப் பழகும் குழந்தைகூட என் வீட்டைக் காட்டும். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் நான் லைட்டுக்காரர்தான்.

லைட்டுக்காரர் ஆவதற்கு முன்னால் கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் மின்வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நீச்சல் குளத்துக்கு அடியில்கூட விளக்கு எரியும். குளிக்க ஆளே இருக்காது, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். எங்கள் மலைச்சரிவில் மின்கம்பம் வந்து நின்றதே தவிர, வாரத்தில் பாதி நாள் கம்பியில் ஒன்றும் வராது. எனக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் வயல்களுக்கு நடுவே தண்ணீர் இரவும் பகலும் படியிறங்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அணை கட்டவேண்டாம், காட்டை வெட்டவேண்டாம், யாரையும் ஊரைவிட்டுக் கிளப்பவேண்டாம். கால்வாய் எந்த இடத்தில் ஓர் ஆள் உயரம் இறங்குகிறதோ அந்த இடத்தில் திருகாணி மாதிரி இதழ் சுருண்ட ஒரு பெரிய இரும்புத் திருகைச் சாய்த்து வைத்தால் போதும், இறங்குகிற தண்ணீர் அதைச் சுழற்றும், மின்சாரம் வரும்.

இடத்தை நீங்கள் நேரில் பார்த்துவிட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் ஊர் குன்றின்மேல் இருக்கிறது. கால்வாய் அந்தக் குன்றுக்கு அடியில் சுரங்கமாகப் போகிறது. அந்தக் காலத்தில் கையுளியால் குடைந்த சுரங்கம். நிமிர்ந்து நடக்கலாம், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க முடியாது. தண்ணீர் நுழைகிற பக்கம் ஓர் இரும்பு மடை. வெளியே வருகிற பக்கம் ஒரு கம்பிக்கதவு, சருகும் மட்டையும் எந்திரத்துக்குள் போகாமல் இருக்க. கதவுக்குக் கீழே எங்கள் திருகு. அதற்கும் கீழே பங்கு மரம், தண்ணீரை வயல்களுக்குப் பிரிக்க வாய் வாயாக வெட்டிக் குறுக்கே போட்ட கட்டை, அப்புறம் வயல்கள். சுரங்கம் வெட்டியபோது காற்றுக்காக மேலிருந்து கிணறு மாதிரி குழிகள் இறக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

கடைசி வயல் தங்காஸுடையது. தங்காஸ் என் தங்கை ரஸ்மினியின் புருஷன். அவனைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

பாசனச் சங்கத்தில் எந்திரத்தைப் பற்றி முதன்முதலில் பேசினபோது எல்லாரையும் சிரிக்கவைத்தவன் அவன்தான். "கரண்ட்டையெல்லாம் நீ உறிஞ்சிக்கிட்டு சக்கைத் தண்ணிய எங்க வயலுக்கு விடலாம்னு பாக்குறியா மச்சான்" என்றான். கூட்டமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பிறகு நீர்க்கோயிலில் எல்லாரும் பார்க்க, பூவும் அரிசியும் வைத்து வாக்குக் கொடுத்தேன். விவசாயிகளின் தண்ணீரில் ஒரு சொட்டுகூட இந்த எந்திரம் எடுக்காது. மேலே எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் கீழே வந்து சேரும். ஓர் உயிருக்கும் சேதம் வராது. இன்றுவரை அந்த வாக்கை நான் மீறவில்லை.

வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்களுக்கு நான் ஒரு வேடிக்கை காட்டுவேன். உயிருள்ள விலாங்கு ஒன்றைப் பிடித்துவைத்திருந்து, திருகின் தலைப்பக்கம் விடுவேன். எல்லாரும் பதறிப்போய்ப் பார்ப்பார்கள். திருகு மெதுவாகத்தான் சுற்றும். சந்தைக்குப் போகிற கிழவிகூட அதைவிட வேகமாக நடப்பாள். கீழே கூடையோடு நிற்பேன். விலாங்கு ஒரு கீறல் இல்லாமல் கூடைக்குள் வந்து விழுந்து நெளியும். கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடிக்கும், மறைப்பானேன்.

முதல் இரண்டு வருஷம் மழை நன்றாகப் பெய்தது. மூன்றாவது வருஷம் ஆறு இளைத்துவிட்டது. பகலில் யாருக்கும் விளக்கு வேண்டாம், ஆனால் பகல் முழுக்கத் தண்ணீர் வீணாக... வீணாக என்று சொல்லக்கூடாது, வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் எல்லாரும் ஸ்விட்சைப் போடுகிற நேரத்தில் திருகு சோம்பிப் படுத்துவிடும். விளக்கெல்லாம் பழுத்த மாதிரி மஞ்சளாக எரியும். "என்ன லைட்டுக்காரரே, மெழுகுவத்தி வாங்கி வச்சிக்கலாமா" என்று தெருவில் போகிற வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சொல்கிறவர்களுக்கு அது வேடிக்கை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் சுரங்கத்துக்குள் இரண்டு பக்கச் சுவரிலும் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பலகைகளைச் செருகி வைத்தேன். காலையில் பலகை இறங்கும். தண்ணீர் சுரங்கத்திலேயே சேர்ந்துகொண்டிருக்கும். சாயங்காலம் பலகையைக் கொல்லைக் குழி வழியாகக் கயிறு போட்டுத் தூக்கிவிடுவேன். அத்தனையும் ஒரேயடியாக இறங்கும், ஊர் முழுக்க வெள்ளை வெளிச்சம். நியாயமாகப் பாருங்கள், நான் ஒரு சொட்டுகூட எடுக்கவில்லை. பகலில் போகவேண்டியது இரவில் போயிற்று. தண்ணீரை எடுக்கவில்லை, நேரத்தைத்தான் எடுத்தேன்.

மேல் வயல்களுக்குப் பக்கத்து ஓடையும் உண்டு, அவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. கடைசி வயலுக்குத்தான் கஷ்டம். பகல் வெயிலில் தங்காஸின் நாற்று காய்ந்து சுருண்டது. இரவில் வந்த வெள்ளம் வரப்பை உடைத்துக்கொண்டு போனது. மறுபடி நட்டான். மறுபடி போனது. யாரோ தண்ணீர் திருடுகிறார்கள் என்று நினைத்து, மேல் வயல்காரர்கள் ஒவ்வொருவரோடும் சண்டை போட்டான். பேச்சுவார்த்தையே நின்றுபோயிற்று. ரஸ்மினி என் வீட்டுக்கு வந்து அழுதாள். அரிசி கொடுத்தனுப்பினேன். அரிசி கொடுக்கிற நிலைமையில் நான் இருந்தேன், கொடுத்தேன்.

போன வருஷம், ஊரே அடங்கிக் கிடக்கும் மௌன நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் தங்காஸ் என் கொல்லைக்கு வந்து, குழி ஓரத்தில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நான் வெளியே வந்து பார்த்தேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

"ஓடுற தண்ணி பேசும் மச்சான். இது வாய மூடிக்கிட்டு நிக்குது" என்றான்.

நான் மறுக்கவில்லை. அவனும் கத்தவில்லை. மற்றவர்களோடு அத்தனை சண்டை போட்டவன் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினான். மௌன நாள் கழிந்த மறுநாள் சங்கக் கூட்டம். அதில் அவன் சொன்னால் எந்திரம் போய்விடும், நானும் சங்கத்திலிருந்து போய்விடுவேன்; தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஆட்கள் யாருக்கும் இரக்கம் பார்க்கமாட்டார்கள். அதே வாரத்தில் தலைநகரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. எங்கள் எந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி மற்றத் தீவுகளின் கால்வாய்களிலும் வைக்கலாமா என்று முடிவு செய்யப்போகிறார்கள். தங்காஸுக்கு அது தெரியும்.

"உன் தங்கச்சி மொகத்துக்காகத்தான் மொதல்ல உங்கிட்ட வந்தேன். ஆனா மறைக்கமாட்டேன் மச்சான். நான் சண்டை போட்ட அத்தனை பேர் கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும். கேக்கும்போது காரணம் சொல்லணும்ல" என்றான்.

அவன் கேட்டது நியாயம்தான். நானும் ஒரு நியாயம் சொன்னேன். "மாப்ளே, உன் கையாலேயே அந்தப் பலகைய வெட்டி எடுத்துடு. மௌன நாளைக்கு எந்திரத்த நிறுத்த மடைய இறக்கிடுவேன், சுரங்கம் காஞ்சு கெடக்கும். வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி முடிச்சிடலாம். அப்புறம் கூட்டத்துல நானே எழுந்து சொல்லிடறேன். நீ சொல்றதைவிட நான் சொல்றது மரியாதை" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. சீக்கிரம் கலங்குகிற ஆள்.

மௌன நாளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முந்தின சாயங்காலம் தகரமும் மூங்கிலும் தட்டி, பூதப் பொம்மைகளைத் தெருத்தெருவாகத் தூக்கி ஆட்டி, இருக்கிற பூதங்களையெல்லாம் கிளப்பிவிடுகிறோம். விடிந்தால் அடுத்த விடியல்வரை அடுப்பில்லை, விளக்கில்லை, வேலையில்லை, வாசல் தாண்டக்கூடாது, பேச்சுகூட வாய்க்குள்தான். கிளம்பின பூதம் திரும்பி வந்தால், இந்தத் தீவில் மனுஷ வாடையே இல்லை என்று ஏமாந்து போகவேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு கட்டும் உண்டு. அன்றைக்கு யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக்கூடாது. பூதம் தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும்.

இருட்டு பிரிகிற நேரத்தில் தங்காஸ் உளியோடு வந்தான். நான் இலையில் சோறும் கொஞ்சம் வறுத்த தேங்காயும் கட்டிக் கொடுத்தேன். எதுக்கு மச்சான், வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கறேனே என்றான். இருக்கட்டும் என்றேன். அவன் கம்பிக்கதவு வழியாக உள்ளே போனான். உளிச் சத்தம் கேட்கிறவரை நின்றேன். பிறகு கதவைச் சாத்தி, உள்ளிருந்து கை எட்டாத கொக்கியை மாட்டினேன்.

தப்பாக நினைக்காதீர்கள். சோறு கட்டிக் கொடுத்தேன் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாள் உள்ளே இருந்தால் நிதானமாக யோசிப்பான் என்பதுதான் என் எண்ணம். மறுநாள் திறந்துவிட்டுப் பேசியிருக்கலாம். அன்றைக்கு அவ்வளவுதான் நினைத்தேன், அதற்குமேல் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதலில் அவன் விளையாட்டு என்றுதான் நினைத்தான். "மச்சான், போதும், கதவத் தொற" என்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டான். அப்புறம் சிரிப்பு நின்றது. அப்புறம் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். நாய்கூடக் குரைக்காத நாள் அது. சுரங்கம் ஊருக்கு அடியில் போகிறது, குழிகள் தோப்பிலும் கொல்லைகளிலும் திறந்திருக்கின்றன. குரல் பூமிக்குள்ளிருந்து வந்தது. ஊர் முழுக்க எல்லாருக்கும் கேட்டது, ஐயா. ஒருத்தர் இரண்டு பேர் இல்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து, தங்கள் பெயரைக் கேட்டு, பதில் சொல்லாமல் இருந்தார்கள். குழந்தைகளின் காதைப் பொத்தினார்கள். என்னைக் குற்றவாளி என்று எழுதும்போது அதையும் ஓரமாக எழுதலாம் என்று தோன்றுகிறது.

ரஸ்மினி மட்டும் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கிற சுவரோரம் வந்து நின்றாள். 

"அண்ணா, அது அவரு குரல்" என்று முணுமுணுத்தாள்.

"உன் புருஷன் விடியறதுக்கு முன்னாடியே அவங்க அம்மாவப் பாக்கக் கீழூருக்குப் போயிட்டான். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

"என்கிட்ட சொல்லாமயா?"

"நீ தூங்கிட்டு இருந்தியாம்."

அப்போது குரல் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. பதில் சொன்னால் உள்ளே இழுத்துக்கொள்ளும், வாயைப் பொத்திக்கொள் என்றேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணிலிருந்து நீர் கைமேல் வழிந்துகொண்டிருந்தது. அப்படியே நின்றாள், நெடுநேரம். நான் சொன்ன சொல்லைத் தட்டாத பெண்.

பொழுது சாய்கிற நேரத்தில் தங்காஸ் பெயர் கூப்பிடுவதை விட்டுவிட்டான். வேறு ஒன்று செய்தான். பலகை விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தான். எங்கே காடி வெட்டியிருக்கிறது, எப்படித் தண்ணீர் நிறுத்துகிறேன், எப்போது தூக்கிவிடுகிறேன் எல்லாம். தொண்டை கட்டிப்போயிருந்தது, மற்றக் குழிகளில் வார்த்தை புரிந்திருக்காது. என் கொல்லையில் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. கூட்டத்தில் நானே சொல்கிறேன் என்றிருந்தேன், ஒப்புக்கொண்டிருந்தான். பேசக்கூடாத நாளில், பேசமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதைப் பேசுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு அப்போது தோன்றியது. கோபம்கூட வரவில்லை. அவன் பேச்சை நிறுத்தவேண்டும், அவ்வளவுதான்.

தோப்பு வழியாக மடைக்குப் போய் ஒரு சாண் தூக்கினேன். ஒரு சாணுக்கு மேல் இல்லை. தண்ணீர் தெரிந்த வழியில் போயிற்று; கதவுக் கம்பியில் சருகும் மட்டையும் அடைத்துக்கொண்டால் உள்ளே தேங்கி ஏறும்.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் திண்டாட்டத்தைப் பாருங்கள், வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் ஸ்விட்சை அணைக்கச் சொன்னவன் நான், என்னுடையதை மறந்துவிட்டேன். தண்ணீர் வந்தது, திருகு சுற்றியது, கம்பியில் மின்சாரம் வந்தது, தீவு முழுக்க இருட்டில் கிடக்கும்போது என் வீட்டில் ஒரு விளக்கு. ஊர்க்காவல் சுலாத்ரா கட்டம்போட்ட வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மடை ஒழுகுது போலிருக்கு, போய் இறுக்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி விளக்கை அணைத்தேன். மௌனத்தைக் கெடுத்ததற்கு அபராதம் என்றான், அதுவும் முணுமுணுப்பாக.

"ஆனா ஒண்ணு லைட்டுக்காரரே, உங்க விளக்கு வந்ததும் அந்தப் பிசாசு வாய மூடிக்கிச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோயிலுக்கு அரிசி கொடுத்து அபராதத்தைக் கட்டினேன். அந்த நாளுக்காக எனக்குக் கிடைத்த தண்டனை அது ஒன்றுதான்.

மறுநாள் விடியும்போது மடையை இறக்கி, தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, மடையை முழுக்கத் தூக்கினேன். பிறகு கீழே போய் நின்றேன். விலாங்குக்கு எங்கே நிற்பேனோ அதே இடத்தில். தங்காஸ் திருகு வழியாக இறங்கி வந்தான், ஐயா. மெதுவாக, ஒவ்வொரு இதழாக. உடம்பில் ஒரு கீறல் இல்லை. எந்திரம் எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே நடந்துகொண்டது. விரல் நுனிகளில் மட்டும் தோல் உரிந்திருந்தது. அது கம்பியால் வந்தது, எந்திரத்தால் அல்ல. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவனைப் பங்கு மரத்தருகே கண்டுபிடித்தார்கள். கீழூருக்கு இருட்டில் போனவன், முந்தின சாயங்காலக் கள் இறங்காமல் கால் தவறியிருப்பான் என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொன்னபோது தலையாட்டினேன். ரஸ்மினி மட்டும் அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன அண்ணா என்றாள். கல்லில் தேய்ந்திருக்கும் என்றேன். சிதை மூட்டுகிறவரை அந்தக் கையை விடவில்லை.

தலைநகரக் குழு வந்தது, பார்த்தது, பாராட்டியது. பலகையை அதற்குப் பிறகு நான் வைக்கவில்லை. தங்காஸ் பாதி வெட்டியிருந்தான், மீதியைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. பகல் முழுக்கத் தண்ணீர் கடைசி வயலுக்குப் போனது. அந்த வருஷம் ரஸ்மினிக்கு நல்ல விளைச்சல். அவன் கேட்டதும் அதைத்தானே. கொடுத்த வார்த்தையை நான் காப்பாற்றினேன்.

ஆனால் குழு பார்த்துக்கொண்டிருக்கும்போது விட்ட விலாங்கு கீழே வரவில்லை. கூடையோடு நின்றேன். எல்லாரும் நின்றார்கள். வெயில் ஏறியது. விலாங்கு சில நேரம் எதிர்த்து ஏறி வந்த வழியே போய்விடும் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்கப்புறம் எத்தனையோ விலாங்கு விட்டுப் பார்த்தேன், யாரும் இல்லாத நேரத்தில், எனக்காகவே. ஒன்றும் கூடைக்கு வரவில்லை. எல்லாம் சுரங்கத்துக்குள்தான் போகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் அதற்குப் பிறகு சுரங்கத்துக்குள் இறங்கவே இல்லை. சேறு படிந்து தண்ணீர் குறைந்து, ஊர் விளக்கெல்லாம் மங்கிப்போயிற்று. கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கொல்லைக் குழியைப் பலகைக் கல்லால் மூடினேன். மூடினாலும் அந்திப் பொழுதில் மச்சான் என்று ஒரு சத்தம், தண்ணீரோடு சேர்ந்து வரும். பயமாகத்தான் இருந்தது. அந்த மௌன நாளுக்குப் பிறகு என் வாசல் விளக்கின் ஸ்விட்சை ஒரு நாளும் நான் அணைத்ததில்லை. இந்த வருஷ மௌன நாளிலும் அணைக்கவில்லை. மடை இறங்கியிருக்கிறது, எரியப்போவதில்லை, எதற்கு அணைக்கவேண்டும் என்று விட்டிருந்தேன்.

இனி இந்த மௌன நாளில் நடந்தது. சுலாத்ரா உங்களிடம் முதலிலேயே சொல்லியிருப்பான். ரஸ்மினி அவனிடம் ரகசியமாகச் சொல்லி வைத்திருக்கிறாள்: "இன்னிக்கு எங்கண்ணன் வீட்டு விளக்கு எரிஞ்சா, அபராதம் போட அங்க போகாதே. கம்பிக்கதவுக்கு ஓடி வா." விளக்கு வந்ததும் பிசாசு வாயை மூடியது என்று அவன் போன வருஷம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதைக் கேட்டுக்கொண்டு இவள் ஒரு வருஷம் முழுக்க, நான் கொடுத்த அரிசியைச் சமைத்துக்கொண்டே, யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கூடப் பிறந்தவள் இப்படிச் சந்தேகப்படுவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

சுரங்கம் காய்ந்திருந்த அன்றைக்கு அவள் மௌன நாள் கட்டுப்பாட்டை மீறி, தனியாக உள்ளே போயிருக்கிறாள். காடி வெட்டின இடம்வரை போயிருக்கிறாள். அது என் கொல்லைக் குழிக்கு நேர் கீழே. அங்கிருந்து ஒரு குரல் வந்தது. மூடின கல்லுக்கு அடியிலிருந்து வந்தது.  தங்காஸ்தான் திரும்பி வந்துவிட்டான், மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். பூதம் தெரிந்தவர் குரலில்தான் கூப்பிடும். தோப்பு வழியாக ஓடினேன். மடையைத் தூக்கினேன். இந்தத் தடவை எவ்வளவு தூக்கினேன் என்று கவனிக்கவில்லை.

கம்பிக்கதவை நான் தொடவே இல்லை. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தண்ணீர் வேகமாக வந்தால் தானே சாத்திக்கொள்ளும். சுலாத்ராவும் இன்னும் இரண்டு காவல்காரர்களும் கழுத்தளவு தண்ணீரில் அவளைக் கம்பியோடு கம்பியாகப் பார்த்தார்கள். கடப்பாரை போட்டுக் கதவைப் பெயர்த்து இழுத்தார்கள். அவர்கள் போட்ட கூச்சலில் மௌனம் முழுக்கக் கெட்டுப்போயிற்று, வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். என் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். உடம்பு தேறட்டும், பார்ப்பாள். எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

ஆக, தங்காஸை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் தங்கையைக் கொல்லப் பார்த்தேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. உள்ளே இருந்தது அவள் என்று எனக்குத் தெரியாது. இறந்தவன் என்று நினைத்துத்தான் மடையைத் தூக்கினேன்.

அந்தக் குரல் என்ன சொல்லிற்று என்று கேட்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மெதுவாக, சண்டை போடாத குரலில், உளி இங்கே கிடக்கிறது என்று சொல்லிற்று. கொஞ்ச நேரம் சும்மா இருந்தது, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி. பிறகு இன்னொரு தடவை சொல்லிற்று.

தங்காஸ் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். ஊருக்கு நான் லைட்டுக்காரர். அந்தக் குரல், "அண்ணா, அவரு உளி இங்க கெடக்குது" என்றது.